நட்சத்திரம் தெரிய வேண்டிய கூரை

அக். 3, வெள்ளி

புழுக்கம். நேற்று உபவாசம், இன்று இடுப்பு வலி. மொட்டை மாடியில் சுக்கா (பண்டிகைக் குடிசை) கட்ட, பந்தல் போடும் ஏழுமலைக்கு போன். கீற்று, சவுக்குக் கம்பு, கயிறு அவரே கொண்டுவருவார்.

வாட்ச்மேன் என்ன விசேஷம் என்றார். எங்கள் முன்னோர் பாலைவனத்தில் குடிசை போட்டுத் திரிந்த ஞாபகமாக ஏழு நாள் குடிசையில் சாப்பாடு, ஏழு நாளும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பது கட்டளை என்றேன். "நீங்க கிறிஸ்டியனா?" யூதர் என்றேன். அறுபத்திரண்டு வருஷமாக அடையாறில் இதே கேள்வி.

டேனி டொராண்டோவிலிருந்து பேசினான். இந்த வருஷமும் பிள்ளை வரவில்லை. பதிலுக்குத் தானே தரை கூட்டும் மிஷின் வருகிறது. வீட்டில் ஏற்கெனவே: ஃப்ரிட்ஜ் 2, டி.வி. 3, நடக்கிற மிஷின் (துணி காயப்போட), அவன் அனுப்பிப் பிரிக்காத டப்பா 4. ஆள் 1.

என் வீட்டுக்காரர் காலமானபின் இது மூன்றாவது சுக்கோத் பண்டிகை. முதல் இரவு ஒரு நன்றி சொல்ல வேண்டும், இந்த நாள்வரை உயிரோடு கொண்டுவந்து சேர்த்ததற்கு. இரண்டு வருஷமாக வாயில் வரவில்லை. தனியாகக் கொண்டுவந்து நிறுத்தியதற்கு நன்றி வேறா? இந்த வருஷமாவது சொல்லிவிட வேண்டும்.

அக். 5, ஞாயிறு

அசோசியேஷன் செக்ரட்டரி மேலே வந்தார். தீப்பிடிக்குமாம், ஃப்ளாட் விலை இறங்குமாம். பண்டிகை என்றதும் தணிந்தார். "பண்ணிக்கோங்கோ. கீழேர்ந்து பாத்தா தெரியாம இருந்தா சரி." குடிசை இருக்கலாம், தெரியக்கூடாது.

ஏழுமலை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார். நல்ல கை, அதுதான் வம்பு. உள்ளே ஒரே இருட்டு. கூரை வழியாக நட்சத்திரம் தெரிய வேண்டும், மழை உள்ளே விழ வேண்டும். இல்லாவிட்டால் சுக்கா செல்லாது. முன்பே சொல்லாதது என் தப்பு. பாதிக் கீற்றை எடுக்கச் சொன்னேன்.

"மழ உள்ள வரணுமா?"

ஆமாம் என்றேன். எடுத்துக்கொண்டே பேசினார். கோட்டூர்புரம் ஆற்றோரம் முப்பது வருஷம் குடிசையில் இருந்தாராம். சொட்டுத் தண்ணீர் ஒழுகாதாம். ஒரு நாள் காலையில் இடித்துத் தள்ளி, பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடி கொடுத்தார்கள்.

"குட்சையே கூடாதுன்னு தாம்மா எங்கள தூக்குனாங்க. நீங்க இன்னாடான்னா மாடில கட்டிக்கினு கீறீங்க."

கிண்டல் இல்லை, நிஜமான ஆச்சரியம். சுருக்கென்றது. ஏழு நாள் ஏழை வேஷம், எட்டாம் நாள் ஏ.சி. வெட்கமாக இருந்தது. டீ கொடுத்தேன், சர்க்கரை போதுமா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

அக். 6, திங்கள்

மேகம். இன்று மாலை பண்டிகை தொடக்கம், புதன் இரவு வரை பேனா தொடக்கூடாது, முடிச்சு அவிழ்க்கக்கூடாது. அதற்குள்: மீன் (பட்டினப்பாக்கம், சங்கரா), ரொட்டி, திராட்சை ரசம், மெழுகுவத்தி. கூட்டுகிற மிஷின் வந்தது. டப்பா 5.

அக். 9, வியாழன்

திங்கள் மாலை கொட்டித் தீர்த்தது. அப்படிக் கொட்டினால் வீட்டுக்குள் போகலாம், சட்டமே விடுகிறது. டப்பாக்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான் என்று ஆத்திரம். இருந்தாலும் தட்டை மூடி எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

நாற்காலி காய்ந்திருந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. அண்ணாந்து பார்த்தேன். கூரைமேல் பழைய ஃப்ளெக்ஸ், நான்கு மூலையும் இறுக்கிக் கட்டி. யாருடைய கல்யாண வரவேற்போ. கீற்று இடுக்கில் மாப்பிள்ளையின் பல்வரிசை.

வாட்ச்மேன் பிறகு சொன்னார். மேகத்தைப் பார்த்துவிட்டு ஏ. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாராம். "சாமிக்குன்னு அந்தம்மா ஓட்டய போட்டுக்குச்சு, நனைஞ்சிடும்" என்றாராம்.

ஃப்ளெக்ஸ் போட்ட சுக்கா செல்லாது. அவிழ்க்கவும் கூடாது. அவிழ்க்கலாம் என்றாலும் அவர் முடிச்சு எனக்கு மசியாது. அழுதேன். பிறகு அந்த நன்றியைச் சொன்னேன், முதல் வார்த்தையிலிருந்து கடைசி வரை. எங்கும் தடுமாறவில்லை. சுக்காவில் உட்காருவதற்கென்று உள்ள ஜெபத்தை மட்டும் விட்டுவிட்டேன், அது பொய்யாகிவிடும்.

இப்போது ஏ. போன் செய்தார். நனைந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பண்டிகை இன்னும் எத்தனை நாள் என்றார். ஐந்து என்றேன்.

"அப்ப அது மேலயே கெடக்கட்டும்மா. வாரம் பூரா மழையாம்."

கிடக்கட்டும் என்றேன்.