ஏழாவது பையின் ஸ்பேனர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நல்ல சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்து யாருடையது என்று முழிக்காதே, இந்த முறை அம்மாவிடம் சொல்லி எழுதவைக்கவில்லை, நானேதான். நூலகத்து மாலை வகுப்பில் தமிழை முடித்து, ஆங்கிலப் பெரிய எழுத்துகளையும் கற்றுக்கொண்டேன். பஸ் போர்டு, மருந்து டப்பா, அடுத்த வீட்டு மின்சார பில் என்று எதையும் விடுவதில்லை. அம்மாதான், "வாய்க்குள்ள படிங்க, தெருவே கேக்குது" என்கிறாள். இந்த ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று, ஆனாலும் எழுத எழுத ஆசையாகத்தான் இருக்கிறது.

இத்தனை சந்தோஷத்திலும் பத்து நாளாக மனசு சரியில்லையம்மா. பல் டாக்டருடைய கறுப்புக் காரை முப்பது வருஷம் நான்தான் பார்த்துக்கொண்டேன் என்பது உனக்குத் தெரியும். கண் மங்கி அவர் ஓட்டுவதை நிறுத்தியபோது, வண்டியோடு வந்த ஸ்பேனர்களை என்னிடம் கொடுத்து, "வண்டி எங்க போனாலும் இதுவும் கூடவே போகணும்ப்பா, பாத்துக்கோ" என்றார். கித்தான் சுருள், அதில் ஏழு பை, ஏழு ஸ்பேனர். நானும் பெரிதாகத் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். இப்போது அவரும் இல்லை. அவர் மகள் அந்த வண்டியைப் பழைய கார் காட்சிக்கூடம் ஒன்றுக்குக் கொடுக்கிறாள். அடுத்த மாதக் கடைசியில் லாரி வருகிறது. சுருள் இருக்கிறது, ஸ்பேனர்கள்தான் இல்லை. அவசரத்துக்கு ஒன்று ஒன்றாக எடுத்து, நான் சேர்த்து வைத்திருக்கும் பழைய ஸ்பேனர்களோடு எல்லாவற்றையும் கலந்துவிட்டேன். அதுதான் கட்டிலுக்கு அடியில் அம்மாவின் கால் விரலைப் பதம் பார்க்கிறதே, அந்த மூன்று பெட்டி, நூற்று நாற்பதுக்கு மேல் தேறும்.

அதனால் என்ன, இப்போதுதான் படிக்கத் தெரியுமே என்று மண்ணெண்ணெயும் துணியுமாக உட்கார்ந்தேன். படிக்கத் தெரிந்த பிறகுதான் குழப்பமே வந்தது. மேலே எழுதியிருக்கும் அளவு ஒன்று, வாயின் அளவு வேறொன்று. அந்தக் காலத்தில் நட்டின் அகலத்தை விட்டுவிட்டு போல்ட்டின் தடிமனை எழுதிவைத்தார்களாம், காட்சிக்கூடத்து ஆள் வந்து சொன்ன பிறகுதான் புரிந்தது. அதற்குள் நான்கு நாள் மண்டை காய்ந்துவிட்டது. எழுத்துத் தெரியாமல் விரலால் தடவி எடுத்த காலத்தில் ஒரு நாளும் தப்பாக எடுத்தவன் இல்லை நான். எப்படியோ கார் கம்பெனியின் பெயர் எழுத்தைப் பார்த்துப் பார்த்து ஆறைக் கண்டுபிடித்தேன். ஏழாவதுதான் என்னைக் கொல்கிறது. அளவு தெரிவதற்காக அரத்தால் வெட்டு வெட்டாக அடையாளம் போடுவேனே, சின்னதற்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று, அந்த வெட்டை இந்த ஏழாவதின் அளவில் மட்டும் எங்கே போட்டிருக்கிறேன் தெரியுமா? சரியாக எழுத்தின் மேலேயே. எழுத்து என்று தெரியாமல் இல்லை, நமக்கு ஆகாத பொருள்தானே என்று ராவித் தள்ளியிருக்கிறேன். அந்த அளவில் மூன்று ஸ்பேனர் இருக்கின்றன. மூன்றிலும் இரண்டு வெட்டு, மூன்றும் மொட்டை. யாரைத் திட்டுவது? "வெட்டுனது நீங்க, திட்டு வாங்கறது இரும்பு" என்று அம்மா வேறு.

காட்சிக்கூடத்து ஆள் பூதக்கண்ணாடியும் கையுமாக அலைகிறவர். அவரும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டு, "மூணுல ஏதாவது ஒண்ணைக் காட்டுங்க பெரியவரே. இதுதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா வேலை முடிஞ்சுது, யாரு வந்து கேக்கப் போறா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கைநாட்டு வைத்த காலத்தில் எதெதில் வைத்தேன் என்று எனக்கே தெரியாது, அது போகட்டும். படித்துப் பார்த்து நான் போடும் முதல் கையெழுத்தையா பொய்யின் அடியில் போடுவேன்? அவர் கொண்டுவந்த சாமான் பட்டியலில் ஆறு வரியை எழுதினேன், ஏழாவதைக் காலியாக விட்டேன். அவர் முகம் சுளித்துக்கொண்டு போனார்.

மூன்று நாள் முன்பு துணி மடித்துக்கொண்டே அம்மா, "பொண்ணு கிளம்பறப்போ கட்டில் பூட்ட ஆகும்னு அவ பெட்டியில ஒரு ஸ்பேனரைத் திணிச்சீங்களே" என்றாள். தூக்கிவாரிப்போட்டது எனக்கு. அதுவும் அதே அளவுதான். வெட்டுப் போட்டேனா இல்லையா என்பது எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. போனில் சொன்னால் நீ சரிப்பா என்று சொல்லி மறந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். வீட்டில் தேடிப் பார். கிடைத்தால் உப்புத்தாள் போடாதே. மாப்பிள்ளை பளபளப்பாக்கித் தருகிறேன் என்று மெஷினோடு வருவார், கிட்டே விடாதே. போட்டோவில் எழுத்து தெரியாது. மெல்லிய காகிதத்தை அதன் மேல் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் இருப்பது அப்படியே பதியும், அதை அனுப்பு.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, பேத்தியைச் சும்மா அதட்டாதே. ஒன்று மட்டும் மறக்காதே. அதிலும் இரண்டு வெட்டுதான் இருக்கிறது என்றால் அப்படியே எழுது, அப்பா வருத்தப்படுவாரே என்று ஓர் எழுத்தைக்கூட நீயாகச் சேர்க்காதே. அந்தப் பை காலியாகவே போகட்டும். டாக்டரைப் பார்க்கும்போது நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன், அதற்கும் ரொம்ப நாள் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா