நீ தாண்டாத முக்கு

மாப்ள,

இடது கையில் விளக்கெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. உறுமியைத் தேய்க்கிற உன் வளைகுச்சிக்குத் தடவியது. முகத்தைத் துடைக்கும்போதெல்லாம் மூக்கில் ஏறுகிறது, நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. உன் மேல் எப்போதும் இந்த வாசம்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் கூட உன் பக்கத்து இலைக்காரன் மூக்கைச் சுளிப்பான். நீ அவன் பாயசத்தையும் சேர்த்து வாங்கிக் குடிப்பாய்.

எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். பேத்தி தன் போனில் ஓர் இடத்தை அமுக்கிக் கொடுத்திருக்கிறாள். நான் பேசப் பேச அது எழுத்தாக்கிக்கொள்கிறதாம், பிழையை அவள் பிறகு திருத்துவாளாம். உன் கையைத் தின்ற பெட்டியும் இதே வகையறாதான். இருக்கட்டும். இன்றைக்கு அது எனக்கு வேலை பார்க்கட்டும்.

நேற்று நம் தேனி மைதானத்தில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். அதை மட்டும் சொன்னால் ருசி இருக்காது. முதலில் இருந்து வருகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சொல்வேன், பொறுத்துக்கொள். இத்தனை நாள் வாயில் அடக்கி வைத்திருந்த கசப்பு.

ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்துக் கொட்டகை ஞாபகம் இருக்கிறதா? பக்கத்தில் வீடு கிடையாது, எவ்வளவு சத்தம் போட்டாலும் ஏனென்று கேட்க ஆள் கிடையாது என்றுதான் அந்தப் பையன்கள் அங்கே போனார்கள். தலைமுடி வளர்த்தவனும் வயரைச் சுருட்டியவனுமாக ஒரு கூட்டம். 'மேக்காத்து' என்று பேர் வைத்திருந்தார்கள். ராக் பேண்டு என்றார்கள். நமக்கு அது புரியவில்லை. கிட்டார் வைத்திருந்தவன்தான் தலைவன், பிரவீன், தேனி கடைவீதி முக்கில் இருக்கிற இரும்புக்கடைக்காரர் மகன். உறுமி வேண்டும் என்று நம் இருவரையும் கூப்பிட்டிருந்தான். அவன் கிட்டாரை இழுத்து ஓலமிட வைத்ததும் நான் காதைப் பொத்தினேன். நீ பொத்தவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாய்:

"மச்சான், அவன் கம்பியத் தேச்சா அழுவுது, நான் தோலத் தேச்சா அழுவுது. ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதேன்."

அன்றைக்கே நீ அவர்கள் ஆள் ஆகிவிட்டாய். நான் பழையபடி நம் மேளசெட்டோடு கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் போனேன். அவர்களுடைய முதல் ஆல்பம் வெளியே வந்தபோது உன் உறுமிதான் முன்னால் நின்றது. உத்தமபாளையத்தில் காலேஜ் பிள்ளைகள் உன் 'ஊம்' சத்தத்தைப் போனில் மணியாக வைத்துக்கொண்டு திரிந்தார்கள். பஸ்ஸில் எவனுக்காவது போன் வந்தால் நீ உறுமினாய். பிரவீன் மைக் கிடைத்த இடத்தில் எல்லாம் "தாத்தாதான் எங்க பேண்டுக்கு உசுரு" என்றான். நீ அதை நம்பினாய். என் தங்கச்சியும் நம்பினாள். கட்டியவனுக்கு வயதான காலத்தில் இப்படி ஒரு பேர் வருகிறதே என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது அவளுக்கு.

பிறகு ஒரு நாள் உன்னை ஸ்டுடியோக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக அடிக்கச் சொல்லிப் பதிந்தார்கள். ஒரு தட்டு, நிறுத்து. ஓர் இழுப்பு, நிறுத்து. திரும்பி வந்து நீ சிரித்தாய். "சேவல் கூவுறத ஒவ்வொரு எழுத்தாப் பிரிச்சு வாங்குறாய்ங்க மச்சான்." எதற்கு என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எதற்கு என்பது எர்ணாகுளத்தில் தெரிந்தது. மேடைக்குப் பின்னால் உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு நீ நிற்கிறாய். பிரவீன் வந்து, அடுத்த ஆல்பத்துக்குச் சவுண்டு மாற்றுகிறோம், உங்கள் அடி மொத்தமும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கிறது, நீங்கள் உட்காருங்கள் தாத்தா என்று சொல்லிவிட்டு மேடை ஏறிவிட்டான். திரைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கச்சேரி முழுக்கக் கேட்டாய். மறுநாள் குமுளி மலை இறங்கி, உறுமியை மடியில் வைத்தபடியே பஸ்ஸில் வந்து என் வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாய்:

"என் கை அங்கன வேல பாக்குது மச்சான். நான் இங்கன சும்மா உக்காந்துருக்கேன்."

அதற்குப் பிறகு நீ உறுமியைத் தொடவில்லை. தங்கச்சி அதைத் துணி சுற்றிப் பரணில் வைத்தாள். ஐப்பசி மழையில் ஒரு நாள் சாப்பிட்டு எழுந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவ்வளவுதான். டாக்டர் ஏதோ பேர் சொன்னார். எனக்குத் தெரிந்த பேர் வேறு.

இனி நான் சொல்வது நீ பார்க்காதது.

நம் தெருவில் இருந்து சுடுகாட்டுக்குப் போக அந்த இரும்புக்கடை முக்கைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பெண்கள் அந்த முக்கு வரைக்கும்தான் வருவார்கள். அங்கே மற்ற மேளம் எல்லாம் நிற்கும். உறுமி ஒன்று மட்டும் மெதுவாக முக்கு அடி அடிக்கும். அந்த அடி கேட்டதும் பெண்கள் திரும்பி, பின்னால் பார்க்காமல் வீட்டுக்கு நடப்பார்கள். பிறகுதான் பாடை முக்கைத் தாண்டும். சாவு இல்லாத இடத்தில் அந்த அடியை அடிக்கக் கூடாது என்பது நம் கட்டுப்பாடு. அதனால்தான் கண்ணாடி அறையில் எல்லாவற்றையும் கொடுத்த நீ அதை மட்டும் கொடுக்கவில்லை.

உனக்கு முக்கு அடி அடிக்க வேண்டியவன் நான். உன் வளைகுச்சியைத்தான் கையில் வைத்திருந்தேன். சாவு போகும்போது கடைக்காரர்கள் ஷட்டரை இறக்குவது வழக்கம் இல்லையா, இரும்புக்கடையிலும் இறக்கியிருந்தார்கள். அடியில் ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு ஜோடி ஷூ தெரிந்தது, வெள்ளை அடி போட்டது. மேடையில் அந்த ஷூவோடு அவன் குதித்ததை நான் பார்த்திருக்கிறேன். எதிர்ச் சுவரில் உன் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டர் காலையில் இருந்து ஒட்டியிருக்கிறது. உள்ளே நிற்பவனுக்கு யார் சாவு என்று தெரியும். ஷூ அசையவில்லை. வெளியே வரவில்லை.

என் கை நின்றுவிட்டது மாப்ள. எவ்வளவு முயன்றும் குச்சி தோலில் இறங்கவில்லை. பெண்கள் திரும்புவதா நிற்பதா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் யாரோ தூக்குங்கப்பா என்றார்கள், உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டோம். அடி இல்லாமல். நம் கணக்கில் நீ முக்கைத் தாண்டவே இல்லை. அன்று மாலை பிரவீன் தன் போனில் உன் படத்தைப் போட்டுக் கும்பிடுகிற கை ஒன்றும் வைத்திருந்தான் என்று பேத்தி காட்டினாள்.

தங்கச்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எப்போதாவது சோறு போடும்போது சொல்வாள்: "நான் இன்னும் அந்த முக்குலயேதேன் நிக்கிறேன்ணே. என்னைய யாரும் திருப்பி விடல."

அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் வந்தது. உன் சத்தம் இருந்தது, நீ இல்லை. தகரத்தில் ஆணி போட்டு உருட்டுகிற மாதிரி இருக்கிறது என்று பேத்தியின் சிநேகிதிகளே சொன்னார்கள். நான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நன்றாகச் சிரித்தேன். இப்போது மூன்றாவது ஆல்பம். மேக்காத்து மறுபடியும் சத்தத்தை மாற்றுகிறது, மண்ணுக்குத் திரும்புகிறது என்று தேனியில் இருந்து கம்பம் வரைக்கும் சுவரெல்லாம் போஸ்டர். போஸ்டரில் ஓர் உறுமி, அடிக்கிற ஆள் கிடையாது. பிள்ளைகளுக்கு அதே பேச்சுதான். பழைய சத்தமா புதுச் சத்தமா என்று டீக்கடையில் சண்டையே வந்தது.

அப்போதுதான் பிரவீன் என் வீட்டு வாசலில் காரில் வந்து இறங்கினான். பழக்கூடை கொண்டுவந்தான். உன்னைப் பற்றிப் பேசி ஒரு சொட்டுக் கண்ணீர் கூட விட்டான். நான் கூடையை வாங்கி ஆட்டுக்குட்டி பக்கத்தில் வைத்தேன். பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"சின்ன வயசுல எங்க கடைக்குள்ள உக்காந்து ஒரு அடி கேட்டுருக்கேன் தாத்தா. ஷட்டர இறக்கிட்டு எங்கப்பா சொல்வாக, சாமி போகுது, பாக்கக் கூடாதுன்னு. மெதுவா, உறுமி மட்டும். அதக் கேட்டுத்தான் எனக்கு மியூசிக்கே வந்துச்சு. பெட்டியில தேடிப் பாத்துட்டேன், இல்ல. அதான் இந்த ஆல்பத்துக்கு மொதப் பாட்டு."

வாயாலேயே அடித்தும் காட்டினான். தப்பில்லாமல் அடித்தான் மாப்ள, உன் முக்கு அடியை.

பிள்ளை பயந்துவிடக் கூடாது என்று அப்பன் சாமி என்று சொல்லி வைத்திருக்கிறான். விவரம் தெரியும் முன்னே மலைமேல் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். இவன் அதைச் சாமியாகவே வளர்த்து வைத்திருக்கிறான். ஒரு வார்த்தையில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாக்கின் நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினேன், அது தேனாக இறங்கியது.

"அது பெட்டிக்குள்ள அடங்காது தம்பி," என்றேன். "சபையிலதேன் அடிக்கணும். ஒரு தடவதேன் அடிப்பேன். ஆரம்பிச்சா நடுவுல நிப்பாட்டக் கூடாது."

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆல்பத்தின் முதல் பாட்டை யாரும் கேட்டதில்லை, தேனி மேடையில்தான் முதலில் அடிக்கப் போகிறோம், அப்படியே பதிவும் செய்யப் போகிறோம் என்று ஊரெல்லாம் சொன்னான். அதற்குப் பிறகு இன்னும் எதிர்பார்ப்பு. பேத்தி என்னிடம் கெஞ்சினாள், எப்படி இருக்கும் என்று ஒரு தட்டாவது தட்டிக் காட்டுங்கள் என்று. நான் மூச்சு விடவில்லை. தங்கச்சியிடம் மட்டும் போய், நம் தெருப் பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து நில் என்றேன். எதுக்குண்ணே என்றாள். முக்கு வந்துருச்சு என்றேன். போய்ப் பரணில் இருந்து உன் உறுமியை இறக்கினாள்.

நேற்று சாயங்காலம் மைதானத்தில் எள் போட இடம் இல்லை. போடி, சின்னமனூர், கம்பத்தில் இருந்தெல்லாம் பிள்ளைகள். பிரவீன் மைக்கில், என் பால்யத்தின் சாமி இப்போது வருகிறது என்றான். கூட்டம் ஓவென்று கத்தியது. உன் உறுமி, உன் குச்சி, என் கை. குச்சியைத் தோலில் வைத்தேன். இந்த முறை இறங்கியது. நீ இழுப்பாயே அடிவயிற்றில் இருந்து, அப்படி இறங்கியது. அவன் கிட்டார் பின்னாலேயே வந்தது. பிள்ளைகள் கையைத் தூக்கி ஆட ஆரம்பித்தார்கள்.

தங்கச்சி முன்வரிசையில் நின்றாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டாள். திரும்பினாள். பின்னால் பார்க்காமல் நடந்தாள்.

அவள் பின்னால் நம் தெருப் பெண்கள். அவர்களுக்கு நான் எதுவும் சொல்லவில்லை, அந்த அடிக்குக் கால் தானாகத் திரும்பும். பிறகு இதே வழக்கம் உள்ள எந்தெந்த ஊர்ப் பெண்களோ, ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் கையைப் பிடித்து இறக்கி, இழுத்துக்கொண்டு திரும்பினார்கள். ஆம்பளைகள் தோளில் இருந்த துண்டை எடுத்தார்கள். சத்தம் அடங்கியது. வாசிக்கிற எங்கள் இரண்டு பேரைத் தவிர மைதானமே வாய் மூடி நின்றது.

பிரவீன் கிட்டாரை விடாமல் என் பக்கம் சாய்ந்தான்.

"தாத்தா, என்னாச்சு? ஏன் எல்லாரும் திரும்பிப் போறாக?"

"ஷட்டருக்குள்ள நின்னேல்ல தம்பி, அந்தச் சாவுதேன் இது. இப்பத்தேன் முக்கு தாண்டுது."

அவன் முகம் போன போக்கை உனக்கு எப்படிச் சொல்வேன். விளக்கு முழுக்க அவன் மேல். கை கம்பியில் இருந்து எழுந்தது.

"நிப்பாட்டாத. வராதவன் வந்துருக்கே. கொட்டு."

கொட்டினான் மாப்ள. உன் சாவுக்கு அவன் கடைசி வரைக்கும் கொட்டினான், ஊர் பார்க்க, இறக்குவதற்கு ஒரு ஷட்டர் கூட இல்லாத இடத்தில்.

இன்று காலையில் அவன் அப்பா வந்தார். அது சாவு அடி இல்லை, கோயில் அடிதான் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். கல்யாண வீட்டில் இந்த ஆல்பத்தை எவனும் போட மாட்டான், கடைத் திறப்புக்குப் போட மாட்டான், பையன் அறையை விட்டு வெளியே வரவில்லை என்றார். "ஒங்க மகன் உள்ளுக்குள்ளயே இருந்து பழக்கப்பட்டவுகதான," என்றேன். அவர் சாப்பிடாமல் போனார். அந்தப் பாட்டை எடுத்துவிட்டு ஆல்பத்தை விடுவார்களா, வைத்தே விடுவார்களா என்று பேத்தியின் போனில் ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. எடுத்தால் மறுபடியும் ஒளிந்துகொண்டான் என்று பேராகும். வைத்தால் அது ஒலிக்கிற இடமெல்லாம் உன் சாவு. எனக்கு இரண்டும் சம்மதம்.

மனம் ஆறியதா என்று கேட்பாய். ஆறவில்லை. ஆறுவதற்காக இதைச் செய்யவில்லை. தங்கச்சி நேற்று வீட்டுக்குப் போய்த் தலை முழுகிவிட்டுப் படுத்தவள், இன்று வெயில் ஏறுகிற வரைக்கும் தூங்கினாளாம். அது போதும்.

உன் குச்சி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. கையைக் கழுவுங்கள், வீடே நாறுகிறது என்று பேத்தி முறைக்கிறாள். சாப்பிட வலது கை இருக்கிறது. இடது கையை நான் இன்னும் கழுவவில்லை.