மேலைச் சதுப்பின் மீன் முத்திரை

நீர் நிறைக. நெல் விளைக. போன பறவை மீள்க.

குணவேலி நாட்டு அரசியார், மறைந்த மன்னர் வெளியனாரின் துணைவியார் எயினியார், நிலவகுப்பு அமைச்சர் கொற்றனாருக்கு விடுக்கும் ஓலை. உம் மனையும் மக்களும் நலமே வாழ்க.

உமது ஓலை வந்தது. அரசியார் ஒருமுறை படித்துக் கீழே வைத்தார். பின்பு சாளரத்தருகே கொண்டுபோய் மறுமுறை படித்தார். மேலைச் சதுப்பு வெறும் தரிசு என்றும், ஆனித் திங்களில் அளந்தபோது அங்கே ஒரு கூடும் இல்லை என்றும், கரை கட்டி வயலாக்க வலையர் இசைந்து தம் தலைவனின் மீன் முத்திரையை இட்டனர் என்றும் எழுதியிருந்தீர்.

ஐப்பசி மழையில் நாரையும் நீர்க்கோழியும் கூடு கட்டிய பின்னரே, கடைசிக் கூட்டுக்கு அப்பால் முளை அடித்து ஏருக்கு எல்லை வகுப்பது இந்நாட்டு முறை. அதை அறியாதவர் அல்லர் நீர். பின் ஏன் ஆனியில் அளந்தீர்? வலையர் தலைவி மருதியை அழைத்துக் கேட்டதற்கு, கோடையில் கூடு தேடுகிறவர் பந்தல் பிரித்த பின் விருந்துக்கு வருகிறவர் என்று நகைத்தாள். தன் முத்திரையில் இருப்பது நண்டு, மீனன்று என்றும் சொன்னாள்.

மீன் அவள் தந்தை சாத்தனுடையது. கீழைச் சதுப்பை வயலாக்கிய ஆண்டு, போக்கிடமற்ற வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. மக்களை மீட்க ஒரே தெப்பத்தில் சென்ற மன்னரும் சாத்தனும் உயிரோடு திரும்பவில்லை. இருவரையும் ஒரே கரையில் எரியூட்டினர். தலைவன் இறந்தால் அவன் முத்திரையும் அவனோடு எரிய வேண்டும் என்பது வலையர் வழக்கம். சாத்தன் மார்பில் அந்த மரமீன் கருகியதை அரசியார் நின்று பார்த்தார். அந்நாளில் நடந்ததில் அவர் மறந்தது ஒன்றுமில்லை.

சாத்தனின் மீன் பதிந்த பழம்பட்டயங்கள் உம் காவலில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து அம்மீனை மறுபடி மரத்தில் செதுக்கியவர் யார் என்று அரசியார் இப்போது கேட்கவில்லை. இவ்வோலையை எழுத்தரிடம் தராமல் தம் கையாலேயே எழுதினார். காரணம் நீர் அறிவீர்.

ஆணை இது. மேலைச் சதுப்பில் ஒரு கூடை மண்ணும் விழலாகாது. ஐப்பசியில் நீரே மருதியுடன் இடுப்பளவு நீரில் இறங்கிக் கூடுகளைக் கண்டு முளை அடிப்பீராக. வரும்போது அந்த மீன் முத்திரையையும் கொண்டு வருவீராக. எரிந்துபோன ஒன்று உம்மிடம் எப்படி வந்தது என்பதை, மன்னரை எரித்த அதே கரையில் நின்று அரசியார் கேட்பார்.

நாரை முத்திரை இடப்பட்டது.