டெனர் வரிசையில் யாரும் பாடாத சுரம்

ஆஸ்டின் டவுன், பெங்களூரு
நவம்பர் 28

அன்பு மகள் ஆஞ்சலாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, என் மானம் ஒன்றுதான் போன வெள்ளிக்கிழமையிலிருந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். தினம் வாய்ஸ் மெசேஜ் போடுகிற மனுஷன் ஏன் காகிதத்தை எடுத்தான் என்று பயந்துவிடாதே, யாரும் சாகவில்லை. போனைப் பார்த்து வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நடந்ததைக் கேள். கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனைக்கு நம் கொயரில் ஒவ்வொரு பகுதியையும் ஒருவர் பாடிப் பதிந்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும், மற்றவர்கள் அதைக் கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது உனக்குத் தெரிந்ததே. ஆண்களில் உச்சக் குரல்காரர்கள் நிற்கிற டெனரில் இருபத்தாறு வருஷமாக முன்வரிசைத் தூணோரத்தில் நிற்கிற மூத்தவன் என்று கொயர் மாஸ்டர் டென்சில் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். நானும் பாடினேன், உச்ச சுரம் வருகிற இடத்தில் ஒரு இருமலைப் போட்டுச் சமாளித்தேன், போன் நின்றுவிட்டது என்று நினைத்து பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு காபி குடிக்கப் போனேன். அங்கே சும்மா இருக்கக் கூடாதா, அந்த உச்ச சுரத்துக்கு ரெண்டு வருஷமா நான் வாயை மட்டும்தான் திறக்கிறேன் பவுலின், சத்தமே வர்றதில்ல, டென்சில் ஆர்கன் வாசிக்கிறப்ப எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கான், அவனுக்கு என்ன தெரியும் என்று உன் அம்மாவிடம் பெருமை அடித்தேன். அதற்கு அவள், ஏங்க, அப்ப உங்க அங்கிக்கு நான் எதுக்கு இஸ்திரி போடணும், ஹேங்கர்லயே தொங்கட்டுமே, அதுவும் உங்களாட்டம்தான் பாடும் என்றாள். அத்தனையும் பதிவாகி, நானே திரும்பி வந்து என் கையாலேயே அனுப்பியிருக்கிறேன், பதினான்கு நிமிஷம்! டென்சில் எல்லோரையும் தினம் மூன்று வேளை கேட்கச் சொல்லியிருந்தார். அடுகோடியில் எங்கள் டெனர் டிரேவர் வீட்டில் மாமியாருக்குக்கூட மனப்பாடமாம். ஒருவராவது எனக்குச் சொல்லவேண்டுமே.

இந்த ஊரில் வாய்ஸ் என்ற ஒரு வார்த்தை செய்யாத வேலை இல்லை ஆஞ்சலா. போனில் வாய்ஸ் கட் ஆகிறது, கீழ்வீட்டு முனிராஜுக்கு வார்டில் வாய்ஸ் இருக்கிறதாம் (தண்ணீர்தான் வருவதில்லை), உன் அம்மா வாய்ஸ் ரைஸ் பண்ணாதீங்க என்பதை இந்தத் தெருவிலேயே உச்சமான வாய்ஸில்தான் சொல்லுவாள். கொயரில் புதிதாக யார் வந்தாலும் பெயரைக் கேட்பதற்கு முன்னால் நீங்க எந்த வாய்ஸ் என்றுதான் கேட்போம். நான் டெனர். அது போய்விட்டால் தூணோர இடமும் போய்விடும், அந்தப் பயத்தில்தான் ரெண்டு வருஷமாகச் சொல்லாமல் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பயிற்சிக்குள் நுழைந்ததும் சர்ச் ஹாலில் எல்லோரும் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். டென்சில் ஒன்றும் திட்டவில்லை, அந்த ஒரே ஒரு சுரத்தை ஆர்கனில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஹெர்பர்ட் அண்ணே, சொல்ப, கொஞ்சமே கொஞ்சம் பாடிக் காட்டுங்க என்றார். காற்றுதான் வந்தது. அடுத்து என் பக்கத்தில் நிற்கிற கில்பர்ட் அங்கிளைப் பார்த்தார், அவர் தன் ஷூவைப் பார்த்தார். டிரேவரோ, அண்ணன் பாடுறாருன்னு நான் விட்டுட்டேன் மாஸ்டர் என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருக்கிற டெனரே நாங்கள் மூன்று பேர்தான்! டென்சில் முகம் வெளுத்துப்போய் போன வருஷத்து ஆராதனை வீடியோவைப் போட்டார். அந்த இடத்தில் சுரம் கணீரென்று இருக்கிறது. அப்படியானால் பாடினது யார்? பின்னால் பெண்களின் ஆல்டோ வரிசையிலிருந்து ஒரு கை மெதுவாக எழும்பியது, மர்பி டவுனிலிருந்து வருகிற நம் சிந்தியா ஆன்ட்டி! அவங்க மூணு பேரும் அந்த இடத்துல மீன் மாதிரி வாயைத் தொறக்கிறாங்க மாஸ்டர், பாட்டு அறுந்துடுமேன்னு நானே பாடிட்டேன், தப்புன்னா மன்னிச்சுக்குங்க என்றார்.

சிந்தியா டெனருக்கு வரட்டும் என்று டென்சில் அப்போதே சொல்லிவிட்டார். ஆனால் முன்வரிசையில் டெனருக்கு மூன்று இடம்தான், ஒருவர் பின்னால் கட்டைக் குரல்காரர்களின் பேஸுக்குப் போக வேண்டும், யார் என்று கேட்டார். கில்பர்ட் மறுபடியும் ஷூவுக்குப் போனார், டிரேவர் புத்தகத்தில் பக்கம் புரட்டினான். நான் போறேன் என்று ஒரு சத்தம் கேட்டது, என் சத்தம்தான். சொன்ன பிறகுதான் எனக்கே திக்கென்றது. பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு நடந்தபோது, கல்லறைத் தோட்டத்துக்கு நானே நடந்து போவது போல இருந்தது. உன்னிடம் மறைப்பானேன், கண் கலங்கிற்று.

அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் கீழே கீழே போகிற அந்தப் பகுதியைத் தட்டுத் தடுமாறிப் பாடினேன். வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டால் குரல் கரகரவென்று வருகிறது. உன் அம்மா திரும்பிப் பார்த்து, என்னங்க, ரெண்டு வருஷமா பயிற்சிக்குப் போயிட்டு வந்து ஒரு நாளும் இப்படித் தொண்டை கட்டினதே இல்லையே என்றாள். அப்புறம் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். அங்கியை இஸ்திரிக்கு எடுத்தும் வைத்துவிட்டாள்.

காதை மூடாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளையையும் மப்ளர் கட்டச் சொல். கர்த்தர் உங்கள் இருவரையும் காத்து, கேட்டதையும் கேட்க மறந்ததையும் தரட்டும். டிசம்பர் மூன்றாம் ஞாயிறு சாயங்காலம் ஆராதனையை யூடியூபில் காட்டுவார்கள், கட்டாயம் பார். அப்பாவை முன்வரிசையில் தேடாதே, கடைசி வரிசையில் இடது ஓரம். இந்தத் தடவை வாய் அசைந்தால் சத்தமும் வருகிறது என்று அர்த்தம்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அப்பா,
ஹெர்பர்ட், பேஸ்