காலிக் கணினி

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி? மருந்தைப் பாதியில் நிறுத்தாதே.

நிரலைக் கணினிக்குப் புரியும் மொழியில் மாற்றித் தரும் கம்பைலர் என்ற மென்பொருளைப் பிறர் உருவாக்க, அதை எங்கள் அலுவலகம் தன் பெட்டியில் போட்டு விற்கிறது அல்லவா? கான்வென்ட் சிஸ்டர்கள் பழக்கியபடி, ஒரு சோதனை விடாமல் வாரம் முழுவதும் ஓட்டி, எல்லாம் சரி என்று கையெழுத்திட்டேன். பக்கத்து மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் சிட்டு, எதுவும் நிறுவாத ஒரு கணினியில் அதை ஏற்றி, ஒரு துளி நிரலை ஓட்டினாள். ஓடவில்லை. தேவையான ஒரு கோப்பு பெட்டியிலேயே இல்லை. என் கணினியில் கிடந்த பழைய பதிப்பு அதைக் கொடுத்து என்னை ஏமாற்றியிருக்கிறது.

"சமைச்சவங்களே ருசி பார்த்துட்டாங்க ஆன்ட்டி. நாம பாத்திரம்தானே மாத்தினோம்? ஓட்டை இருக்கான்னு பார்த்தாப் போதும்," என்றாள்.

அடுத்த பதிப்பை அவளிடம் கொடுக்கலாமா என்று மேலாளர் என்னிடமே கேட்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. அவள் சொன்னது சரி என்பதால் கூடுதலாகவே எரிகிறது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால், "பொறாமைடி உனக்கு" என்று சிரித்திருப்பார்.

நீ கவலைப்படாதே. என் பழைய கண்ணாடியை அனுப்பு. கடிதத்தைக் கொஞ்சம் நீளமாக எழுது. இங்கே என்னை "வாடி, போடி" என்பார் யாருமில்லை.

அவசரமாக முடிக்கிறேன். அவள் வருவதற்குள் போய், அடுத்த பதிப்பை அவள் வழியிலேயே சோதிக்க, என் கணினியைத் துடைத்துக் காலியாக்க வேண்டும்.

உன் தங்கை