கூடையைப் படை என்று நினைத்த இயந்திரம்

என் அன்பு அண்ணே,

நாடுகாணியில் மழை விடவில்லை. நீங்கள் கண்ணை மூடி ஆறு வருஷம் ஆகிறது. உங்கள் விஞ்ஞான நாவலை மறுபடி அச்சிடப் போகிறார்களாம். அண்ணியிடம் சம்மதக் கையெழுத்து வாங்கித் தரச் சொல்லி எனக்குத்தான் தாள் வந்திருக்கிறது. சந்தோஷப்படாதீர்கள், முழுதும் கேளுங்கள்.

ஆளில்லாமல் பறந்துவந்து சுடும் அந்த இயந்திரங்களை நீங்கள் எழுதியபோது பதிப்பாளர் சிரித்தார். இப்போது அவர் மகன் சிரிக்கவில்லை. "குறி தப்பாத ஆயுதத்த உங்கண்ணன் அப்பவே எழுதிட்டாருங்க" என்கிறார். அட்டையிலும் அதையே போடுவாராம்.

குறி தப்பாத ஆயுதமா? நீங்கள் எங்கே அப்படி எழுதினீர்கள்?

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பெண்கள் முதுகில் கூடையோடு மலைச்சரிவில் நிரை பிடித்துத் தேயிலைக் கொழுந்து பறிப்பார்கள். வரிசையாக நகரும் உருவங்கள், முதுகில் சுமை. படை என்று இயந்திரம் முடிவு கட்டிவிடும். எல்லோரையும் சுட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று செய்தி அனுப்பும். எஸ்டேட்டில் பிறந்தவனுக்குத்தான் அந்தத் தப்பு தோன்றும்.

"இவ்வளவு புத்தியுள்ள மெஷின் கூடையப் பாத்து ஏமாறுமா?" என்று அன்று பதிப்பாளர் கேட்டார். நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். படியெடுத்துக்கொண்டிருந்தவன் நான். புத்தகம் வந்தால் போதும் என்று அந்த அத்தியாயத்தையே உருவி அடுப்பில் போட்டேன். அச்சில் பார்த்துவிட்டு நீங்கள் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தீர்கள். திட்டியிருக்கலாமே அண்ணே?

நேற்றுச் செய்தியில், எங்கோ ஒரு நாட்டில், மாவு மூட்டை சுமந்து போனவர்களை ஆளில்லா விமானம் கொன்றதைக் காட்டினார்கள். தவறுதலாம். வேலை விட்டு வந்த அண்ணி காலிக் கூடையை இறக்காமலே நின்று பார்த்தார். இத்தனை வருஷம் மறைத்ததை அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

"தெரியும் தம்பி. அந்த நிரையில மொத ஆளு நாந்தான். ஒங்கண்ணன் படிச்சுக் காட்டியிருக்காரு" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "மெஷினு என்னைய சுட்டுச்சு, சரி. நீங்க நான் இருந்தேங்கறதையே இல்லாம பண்ணிட்டீங்க."

தாளில் அவர் கையெழுத்துப் போடவில்லை. அந்த அத்தியாயம் சேர்ந்தால்தான் போடுவாராம். பதிப்பாளர் மகனிடம் போனில் சொன்னேன். "அப்ப அட்டைய மாத்தணுமேங்க" என்று இழுத்தார். அவர் கவலை அட்டையோடு சரி.

பிரதி இல்லை. என் ஞாபகத்தில் இருப்பதுதான் மிச்சம். யார் அச்சிட்டாலும் அச்சிடாவிட்டாலும் அதை வரி விடாமல் எழுதி அண்ணி கையில் கொடுப்பேன். அதற்கு, அவரை நானே அந்த நிரையில் முதலில் நிறுத்திச் சுட வைக்க வேண்டும். ஒரு வரியையும் குறைக்க மாட்டேன்.

உங்கள் எழுத்தை எரித்த,
உங்கள் தம்பி