பிரமிளாவிடம் நான் சொல்லாமல் விட்டது

அன்பு மகன் புவனேஸ்வரனுக்கு, பினாங்கிலிருந்து அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், முட்டிவலி என்னைவிடச் சுகமாக இருக்கிறது. நீ அங்கே கடல் காவலில் வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் துணியோடு படுக்காமல் நல்லபடி இருக்கத் தண்ணீர்மலை முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கூட்டாளி ஹஸ்ருல் லீவு முடிந்து திங்கட்கிழமை சபாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் முறுக்கும் ஊறுகாயும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்பாய். உனக்கு லைன் கிடைப்பதே நாலு நிமிஷம், இதைச் சொல்ல எனக்கு வாயும் வராது. பத்து காவான் தொழிற்சாலையில் நீ கேட்டிருந்த ஸ்டோர் சூப்பர்வைசர் வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். படையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்குக் கம்பெனிகளில் வேலை பார்த்துக் கொடுக்கிறாளே பிரமிளா, அவள் உனக்கும் மெசேஜ் போட்டிருப்பாள். ஆனால் ஏன் போனது என்று எழுதியிருக்க மாட்டாள், நல்ல பெண். அது உன்னால் போகவில்லை ஐயா, என்னால் போயிற்று.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். விண்ணப்பத்தில் இரண்டாவது நம்பராக நீதான் வீட்டு நம்பரைக் கொடுத்திருந்தாய். உங்க மகனோட போன் கிடைக்கல மா, அவரோட மேஜரும் மாத்தலாகிப் போயிட்டாரு, கம்பெனிக்காரங்க நாளைக்கே பேரு கேக்குறாங்க, ரெசுமேல ஸ்டோர், இருபத்தொரு வருஷம்னு ஒரு வரிதான் இருக்கு, அவரு என்னென்ன செஞ்சாரு, உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்கலா என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா. அவன் அப்படியொன்னும் கெட்டிக்காரன் இல்ல மா, சும்மா சாமான் எண்ணி எடுத்துக் கொடுக்குறவன், மேல ஒரு ஆள் இருந்து சொன்னா செய்வான் என்று சொன்னேன். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். பதவிசாகப் பேசிவிட்டோம் என்று எனக்குத் திருப்தி வேறு.

இது எனக்குப் புதிதல்ல என்று உனக்குத் தெரியும். தாசேக் கெலுகோரிலிருந்து பெண் வீட்டார் வந்தபோதும் இவனுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சிரித்துக்கொண்டே சொன்னேன், அவர்கள் அதை அப்படியே நம்பிக்கொண்டு போனார்கள். ஏன் இப்படி என்று நீ கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை. உனக்கு முன்னால் பிறந்த உன் அக்கா சாந்தினியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாய். உன் அப்பா இருந்த பட்டாளத்துக் கேம்ப்பில் குடும்ப தினத்துக்குக் கொழுகொழுப் பிள்ளை போட்டி வைத்தார்கள், பதினோரு மாதம் அவளுக்கு, முதல் பரிசு. நான் அவளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டினேன், எல்லாரிடமும் பெருமை பேசினேன். நாலாம் நாள் காய்ச்சல் கண்டது, ஒன்பதாம் நாள் போய்விட்டாள். அது கிருமி என்று டாக்டர் சொன்னார், உன் அப்பாவும் அதையேதான் சொன்னார். என் மனசு கேட்கவில்லை. நீ பிறந்ததும் இவனைப் பற்றி யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். நீ பரிசுக் கோப்பையோடு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாலும் முதலில் கையைக் கழுவு என்பேன். நீ முகம் வாடிப்போய்க் குழாயடிக்குப் போவாய். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

வேலை போனதைப் பிரமிளா போனில் சொன்னதும் எனக்கு உட்காரவும் முடியவில்லை. உன் அப்பா ஞாபகம்தான் வந்தது. பட்டாளத்தில் எந்த ரேடியோ கெட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வெளியே வந்து, எனக்கென்ன தெரியும், கேம்ப்புல இருந்தவன் என்று சொல்லிச் சொல்லியே பதினாறு வருஷம் கொண்டோ அடுக்குமாடி கேட்டில் ஜாகாவாக, காவலுக்கு நின்று கார் நம்பர் எழுதினார். நின்று நின்று வந்த கால்வீக்கத்தோடுதான் போனார். நீயும் போன வாரம், ஜாகா வேலைன்னா உடனே கிடைக்கும் மா, எடுத்துக்கிறேன் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேலை போனதைப் பிரமிளா சொன்ன மறுநாளே பீச் ஸ்திரீட்டில் அவள் ஆபீசுக்குப் போனேன். சாந்தினி கதையைச் சொன்னேன், பிறகு உன் கதையைச் சொன்னேன். கிளந்தான் வெள்ளத்தில் பள்ளிக்கூட மண்டபத்தில் எண்ணூறு பேருக்கு அரிசியும் போர்வையும் மருந்தும் பதினோரு நாள் குறையாமல் நீ பார்த்துக்கொண்டது, உனக்குக் கீழே முப்பது பேர் இருந்தது, பழைய ஸ்டோர் கணக்கையெல்லாம் நீயே கம்ப்யூட்டரில் ஏற்றியது, எல்லாம் ஹஸ்ருல் எனக்குச் சொன்னவை. அவள் இரண்டு பக்கம் தட்டினாள். இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லா மா என்றாள், கோபமாக அல்ல. பிறகு இன்னொன்றும் சொன்னாள். அவள் எனக்குப் போன் செய்வதற்கு முன்பே நடந்த போன் இன்டர்வியூவில் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டார்களாம், நீ, எல்லாரும் சேந்துதான் செஞ்சோம் சார், நான் பெருசா ஒன்னும் செய்யல என்றாயாம். ஆர்மிக்காரங்க எல்லாரும் இப்படித்தான் மா, நான்னு ஒரு வார்த்தையச் சொல்ல வைக்கிறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுது என்றாள். அவளுக்கு அது பட்டாளத்துப் பழக்கம். அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியுமே. பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

நிபோங் திபாலில் ஒரு குடோனுக்கு ஆள் கேட்கிறார்களாம், அடுத்த மாதம் வீடியோவில் பேசுவார்கள். கிடைக்கும் என்று அவள் சொல்லவில்லை, உனக்கு நாற்பது வயது என்பதும் ஒரு குறையாம். ரெசுமேல நான் எழுதிட்டேன், வாயால அவருதான் சொல்லணும் என்றாள். அதனால் ஜாகா கம்பெனிக்காரன் நீட்டும் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. செய்ததையெல்லாம் எந்த வருஷம், எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதி வை. பிரமிளா கூப்பிட்டால் சாக்குச் சொல்லாமல் பேசு. ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே.

இனி நான் எழுத வேண்டியது ஒன்றுதான். புவனேஸ்வரா, நீ கெட்டிக்காரன். பொறுமைசாலி, ஒரு மணி அரிசியைக்கூடத் தனக்கென்று எடுக்காதவன். உன்னைப் போல ஒரு மகன் இந்த ப்ளாட்டில் யாருக்கும் இல்லை. எழுதிவிட்டேன். படித்ததும் கிழித்துப் போடு என்று கீழே எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். கிழிக்காதே. அவர்கள் கேட்கும்போது எதிரே வைத்துக்கொண்டு, இதைப் பார்த்தே சொல். ஏதாவது வருவதாக இருந்தால் சொன்ன எனக்கு வரட்டும், உனக்கு வேண்டாம்.

நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இரு என்று ஆசீர்வதிக்கும்,
நாற்பது வருஷம் உன்னை வாய்க்குள்ளேயே வைத்திருந்த
அம்மா நவமணி